கலீல் நானா கெடுத்த கார்

இஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று கேட்டால் அது பொய் சொல்லும் என்பார் கலீல் நானா. அதனால் பெற்றோலையும் காற்றையும் கலக்கிற காபரேற்றரின் ஆணியை ஒரு நெல்லளவு திருப்பிவிட்டு, கைத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் படலை வரைக்கும் நடந்து போவார். அங்கே காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வீதியில் போகிற மாட்டுவண்டிலைப் பார்க்கிறவர்போல நிற்பார். பிறகு திரும்பி வந்து இன்னுமொரு நெல்லளவு. மறுபடி படலை. கார்ச் சொந்தக்காரனுக்கு விசர் பிடிக்கும். வாய் திறந்தானோ தொலைந்தான்.

"அவசரமெண்டா மாட்டுவண்டில்ல போங்க. மாட்டுக்குக் காபரேற்றர் இல்ல."

சும்மா சொல்லக் கூடாது, மனிதருக்குத் தலைக்கனம் தலையைவிடப் பெரிது. கலீலுர் றஹ்மான் என்ற முழுப் பெயரையும் சொல்லித்தான் தன்னைப் பற்றிக் கதைப்பார். "இந்தக் கடற்கரையில கலீலுர் றஹ்மானுக்கு மேல ஒரு மெக்கானிக் பொறக்கல்ல. பொறந்திருந்தா எனக்கிட்டத்தான் வேலைக்கு வந்திருப்பான்." திருகோணமலைப் பெரியகடைக்குப் பின்னால் கிடுகால் மேய்ந்த கொட்டில் ஒன்றுதான் அவருடைய கராச். ஆனால் நிலாவெளியிலிருந்து மூதூர் வரைக்கும் ஓடுகிற வாடகைக் கார்கள் அவ்வளவும் அவர் கைபட்டவை. அந்தத் தலைக்கனத்தைச் சுமக்க அவருக்கு முழு உரிமையும் இருந்தது என்பது என் கட்சி.

ஜப்பான்காரன் குண்டு போட்ட வருசம். மூட்டை முடிச்சோடு ஓடிய சனம் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தது. துறைமுகம் நிறையச் சாம்பல் நிறக் கப்பல்கள். ஊர் நிறையப் பட்டாளம். அரிசிக்குக் கூப்பன், சீனிக்குக் கூப்பன், பெற்றோலுக்குக் கூப்பன். மரவள்ளிக் கிழங்கும் சூடைமீன் குழம்பும் எல்லா வீட்டுக் குசினியிலும் ஒரே மாதிரி மணந்தன.

எங்கள் ஒழுங்கையில் கார் வைத்திருந்தவன் குலசிங்கம் ஒருவன்தான். தோணிக்கும் இறங்குதுறைக் கல்லுக்கும் நடுவில் வலதுகால் அகப்பட்டு நசுங்கியபிறகு அவனால் கடலுக்குப் போக ஏலவில்லை. மனிசி சீதேவி தனக்குச் சீதனமாய் வந்த தென்னங்காணியை விற்று அந்தக் கறுப்பு ஒஸ்ரின் காரை வாங்கிக் கொடுத்தாள். நசுங்கிய கால் பெற்றோல் மிதியை அமத்துவதற்குப் போதும். ஆனால் ஊன்றி நின்று முன்னால் கைப்பிடியைச் சுழற்றிக் காரைக் கிளப்புவதற்கு அந்தக் கால் உதவாது. அதைச் சீதேவிதான் செய்வாள். விடியக் காலமை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பல்லைக் கடித்து ஒரு சுழற்று. கார் உறுமும். "போயிட்டு வாங்கோ" என்றுவிட்டு பிட்டு அவிக்கப் போய்விடுவாள்.

அதற்குப் பிறகு அந்தக் கார் பின்னேரம் வரைக்கும் நிற்கக் கூடாது. அதுதான் அந்த வீட்டின் முழுக் கவலையும். ஆள் ஏற்றும்போதும், கிண்ணியாத் துறையில் அக்கரைக்குக் கொண்டுபோகிற பாதைக்காகக் காத்திருக்கும்போதும், இரண்டு வள்ளத்துக்கு மேல் பலகை அடித்த அந்தப் பாதையில் ஏறி நிற்கும்போதும் இஞ்சின் தன்பாட்டில் மெல்ல ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஓடும்போது எந்தக் காரும் ஓடும். நின்றுகொண்டு ஓடுவதுதான் வித்தை. அந்த வித்தையைக் காபரேற்றருக்குள் வைப்பவர் கலீல் நானா.

அந்த மாதம் கார் இருமத் தொடங்கியது. குலசிங்கம் கொண்டுபோய் நிறுத்தினான். நானா மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"மண்ணெண்ண குடுத்திருக்கீங்க."

"இல்ல நானா."

"என்ட மூக்குக்கே பொய் சொல்றீங்களே குலசிங்கம்!"

"கூப்பன் காணாது நானா. கொஞ்சந்தான் கலந்தனான்."

"உங்கட மனிசிக்குக் கொஞ்சமா நஞ்சு குடுப்பீங்களா? இது மட்டும் என்ன பாவம் செஞ்சது?"

ஏச்சு ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம். காபரேற்றரைக் கழற்றி, ஊசித் துவாரங்களை வாயால் ஊதி, வண்டலைக் கழுவிப் பூட்டினார். இஞ்சினைச் சூடேற விட்டார். பிறகு தொடங்கியது நடை. காற்றுக்கு ஒரு ஆணி, வேகத்துக்கு ஒரு ஆணி. ஒன்றைத் திருப்பினால் மற்றது கோபிக்கும். புருசன் பெண்சாதி மாதிரித்தான், ஒருத்தரைச் சமாதானம் பண்ணினால் மற்றவர் மூஞ்சியைத் தூக்குவார். நானா இரண்டு பக்கமும் கதைத்துக் கதைத்து, படலைக்கும் காருக்குமாக நடந்து, வெயில் தலைக்கு மேல் வந்த நேரத்தில் படலையிலேயே நின்றுவிட்டார்.

"ஆ!" என்றார். "இப்ப சுவாசிக்குது."

அடுத்த கிழமை அரசாங்கக் கச்சேரியிலிருந்து அறிவித்தல் வந்தது. வாடகைக் கார் எல்லாவற்றையும் திங்கட்கிழமை கோட்டைக்கு முன்னால் இருக்கிற வெளிக்குக் கொண்டுவர வேண்டும். பட்டாளத்துச் சார்ஜன்ட் பார்ப்பார். நல்ல நிலையில் உள்ளதை யுத்தம் முடியும் வரைக்கும் எடுத்துக்கொள்வார்கள். உதவாததை விட்டுவிடுவார்கள்.

குலசிங்கத்தின் கார் அப்போதுதான் ஊரிலேயே நல்ல கார். என்ன தலைவிதி பாருங்கள்!

ஞாயிற்றுக்கிழமை நானாவை வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். பிட்டும் மீன்சொதியும் வைத்தாள் சீதேவி. நானா சாப்பிட்டுக் கைகழுவும் வரைக்கும் குலசிங்கம் சொதியை ஊற்றிக்கொண்டே இருந்தான். சீதேவிதான் தொடங்கினாள்.

"நானா, நீங்கள் காரைக் கெடுத்துத் தரவேணும்."

நானா துவாயைக் கையில் வைத்தபடி அவளைப் பார்த்தார்.

"என்ன சொன்னீங்க தங்கச்சி?"

"நாளைக்கு அவங்கள் பாக்கேக்குள்ள அது இருமவேணும், நொண்டவேணும். இது ஒரு சவமெண்டு விட்டுட்டுப் போகவேணும்."

"எனக்கிட்டயா கேக்கிறீங்க? கலீலுர் றஹ்மான்ட்டயா?" அவர் குரல் ஒழுங்கை வரைக்கும் கேட்டது. "கெடுக்கிறதுக்கு என்னத்துக்கு நான்? ரெண்டு பிடி மணலைப் போடச் சொல்லுங்க உங்கட புருசன!"

"மணல் போட்டா இஞ்சின் போயிடும் நானா," என்றான் குலசிங்கம் மெல்ல.

"போகட்டுமே! கெடுக்கச் சொல்லித்தானே கேக்கிறீங்க?"

"கெட்டமாதிரி இருக்கவும் வேணும், கெடாமல் இருக்கவும் வேணும்." சீதேவி கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்குச் சுற்றிவளைத்துக் கதைக்கத் தெரியாது. "இவரின்ர காலைப் பாருங்கோ. இந்தக் காலை வச்சுக்கொண்டு தோணி தள்ள ஏலுமா? மூட்டை தூக்க ஏலுமா? அண்டைக்குக் குண்டு விழுந்தநேரம் இந்த ஒழுங்கைப் பிள்ளைகளை எல்லாம் அள்ளிப்போட்டுக்கொண்டு தோப்பூருக்கு ஓடினது இந்தக் கார்தான். அது போனா நாங்கள் என்ன செய்யிறது? நான் பிட்டு விக்கலாம். இவர் என்ன செய்வார்? மூலைக்குள்ள இருந்து என்னைப் பாத்துக்கொண்டிருப்பார். நானா, பசி கிடக்கட்டும். அதை என்னால பாக்க ஏலாது."

குலசிங்கம் எழும்பி வெளியே போய்விட்டான். நானா அவன் கால் இழுபட நடந்துபோவதைப் பார்த்தார். பிறகு துவாயை உதறித் தோளில் போட்டார்.

"விளக்குமாறு எங்க இரிக்கு?" என்றார்.

விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, நகத்தால் கீறி, மயிரளவு நாராக்கினார். காபரேற்றர் இஞ்சினோடு சேருகிற இடத்தில், காற்றுப் புகாமல் போடுகிற தோல் வட்டுக்குக் கீழே அதை வைத்து நட்டை இறுக்கினார். வெளியே எல்லாம் இறுக்கம். உள்ளே மட்டும் ஈர்க்களவு சந்து, அதால் களவாய்க் காற்று இழுக்கும். எந்த ஆணியை எவன் திருப்பினாலும் இஞ்சின் அடங்காது. இவ்வளவும் போதும்தான். ஆனால் கை சும்மா இருந்தால்தானே! திருப்பினார், படலைக்கு நடந்தார், வந்தார், திருப்பினார். பொழுது சாயும் வரைக்கும் நடந்து, கெட்ட ஓட்டத்தையும் தன் மனதுக்குப் பிடித்தமாதிரி ஆக்கிய பிறகுதான் சாமானைக் கட்டினார். தப்பு அங்கேதான் நடந்தது.

திங்கட்கிழமை வெளியில் கார்கள் வரிசையாக நின்றன. வெயில் கொளுத்தியது. கார்க்காரர்கள் வாகை மரத்துக்குக் கீழே குந்தியிருந்து பீடி புகைத்தார்கள். நானாவும் வந்திருந்தார், வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக. அத்தனை பேருக்கும் நடுவில் வந்திருந்த ஒரே பெண் சீதேவி. கைப்பிடி சுழற்ற வேறு ஆள் இல்லையே.

சார்ஜன்ட் வெள்ளைக்காரன், இளவயது. சும்மா சட்டை கசங்காத துரை இல்லை, நகத்துக்குள் கறுப்பெண்ணெய் ஊறினவன். மொழிபெயர்க்கக் கச்சேரியிலிருந்து தம்பிராசா வந்திருந்தார். சார்ஜன்ட் ஒவ்வொரு காராய்ப் பார்த்து, எடுக்கிறதை ஒரு பக்கம் ஒதுக்கி, உதவாததற்குச் சோக்குக் கட்டியால் பெருக்கல் குறிபோலப் புள்ளடி போட்டுக்கொண்டு வந்தான். கார்க்காரன் கதிரவேலின் கார் எவருடைய தயவும் இல்லாமலே புள்ளடி வாங்கியது.

சீதேவி சுழற்றினாள். ஒஸ்ரின் கிளம்பியது. டக் டக் டக்... டொக். டக் டக் டக்... டொக். கார் முழுக்கக் குலுங்கியது. பார்க்கவே பரிதாபம். சோக்குக் கட்டி வெளியே வந்தது. குலசிங்கம் மூச்சை விட்டான்.

சார்ஜன்ட் புள்ளடி போடவில்லை. தலையைச் சரித்துக் கேட்டான். மூடியைத் திறந்து ஆணிகளைத் திருப்பினான். நொண்டல் மாறவில்லை. நட்டுகளைத் தொட்டுப் பார்த்தான், எல்லாம் இறுக்கம். கழுத்தைச் சொறிந்துகொண்டு, சிரிப்பும் சந்தேகமுமாக ஏதோ சொன்னான்.

"துரை சொல்லுறார்," என்றார் தம்பிராசா, "வருத்தக்கார இஞ்சின் கண்டபடி இருமுமாம். இது கணக்காய் நொண்டுதாம். மூண்டு அடி நேராய், நாலாவது நொண்டல். ஒருக்காலும் பிசகேல்ல. ஆரோ வேலை தெரிஞ்ச பெரிய விண்ணன் வைச்சுவிட்ட நொண்டலாம் இது. ஆருடைய வேலை எண்டு கேக்கிறார்."

பாருங்கள், கெட்ட வேலையைக்கூட அந்த மனிதருக்குக் கெட்டதாய்ச் செய்யத் தெரியவில்லை! குலசிங்கத்தின் முகத்தில் ரத்தமே இல்லை. அவன் என்ன சொல்லியிருப்பானோ தெரியாது. அதற்குள் வாகை மரத்தடியிலிருந்து கதிரவேல் எழும்பிவிட்டான்.

"கலீல் நானாவக் கேளுங்கோ துரை! அவர் தொட்டா செத்த இஞ்சினும் எழும்பும்!"

"ஓமோம், நானாவால ஏலாத வேலை திருகோணமலையில கிடையாது!" என்றான் இன்னொருவன். எல்லாருமாய்ச் சேர்ந்து நானாவை முன்னுக்குத் தள்ளினார்கள். கெட்ட மனசு ஒருத்தனிடமும் இல்லை. வெள்ளைக்காரனுக்கு முன்னால் எங்கள் ஆளைக் காட்டுகிற பெருமை, அவ்வளவுதான். அந்தப் பெருமைதான் குடியைக் கெடுக்கப் பார்த்தது.

சார்ஜன்ட் ஆணி திருப்புகிற திருப்புளியை நீட்டினான்.

"இதைச் சரியாக்கிக் காட்டட்டாம்," என்றார் தம்பிராசா. "சரியாக்கினா பட்டாளத்துக் கராச்சுக்கே தலைமை மெக்கானிக் வேலையாம். சீமைச் சாமான், சீமை வேலை ஆயுதமெல்லாம் கையில தருவாராம்."

நானா திருப்புளியை வாங்கினார். ஆசை இல்லாமலா இருந்திருக்கும்? அந்தக் கராச்சின் வாசலில் நின்று உள்ளே தொங்குகிற நட்டுச் சாவிகளை அவர் வாயூறப் பார்த்ததை நானே கண்டிருக்கிறேன். ஒருமுறை சீதேவியைப் பார்த்தார். அவள் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

குனிந்தார். படலைக்கு நடக்கிற மனிதர் அன்றைக்கு எங்கேயும் நடக்கவில்லை. நேற்றுப் பழக வந்தவன்போல இஞ்சினோடு காதை ஒட்டவைத்துக்கொண்டு ஆணியைத் திருப்பினார். கார் ஓவென்று ஊளையிட்டது. மற்றப் பக்கம் திருப்பினார். கரும்புகை கக்கி டமாரென்று ஒரு வெடி. குண்டுதானென்று இரண்டு பேர் நிலத்தில் விழுந்தார்கள். தம்பிராசா மரத்துக்குப் பின்னால் போய்விட்டார். இஞ்சின் நின்றது.

சீதேவி மறுபடி சுழற்றினாள். மறுபடி ஊளை, மறுபடி புகை. நின்றது. நானாவின் தொப்பி நனைந்து நெற்றியால் வியர்வை ஓடியது. எதிலே தொட்டால் சரிவரும் என்று தெரிந்த விரலைத் தொடாமல் வைத்திருப்பது லேசான காரியமா?

சார்ஜன்ட் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டான். தம்பிராசா மொழிபெயர்க்க முன்னமே நானா சொல்லிவிட்டார்.

"எனக்கு ஏலாது, துரை."

தம்பிராசாவுக்கே நம்ப முடியவில்லை. "என்ன சொன்னீர்?"

"காது கேக்கல்லையா? ஏலாது எண்டு சொன்னன். எனக்குத் தெரியாத வேல இது."

முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு மரத்தடி முழுக்கச் சிரித்தது. சார்ஜன்ட் திருப்புளியைப் பறித்துக்கொண்டு ஏதோ உறுக்கினான், தம்பிராசா அதைத் தமிழில் சொல்லவில்லை. இப்படி ஒருத்தனிடம் போன இஞ்சின் கணக்காய் நொண்டினால் என்ன, கூத்தாடினால் என்ன என்று நினைத்திருப்பான். கறுப்பு மூடியில் பெரிதாய் ஒரு புள்ளடி போட்டுவிட்டு அடுத்த காருக்கு நடந்தான்.

கார் தப்பியது. நானாவின் பெயர் போனது.

"கலீலுர் றஹ்மானுக்கு மேல மெக்கானிக் பொறக்கேல்லையாம், கீழதான் எல்லாரும் பொறந்திருக்கினம்!" என்று கதிரவேல் கார்த்தரிப்பிடத்தில் நடித்துக் காட்டுவான். வருகிறவன் போகிறவனெல்லாம் சிரிப்பான். பட்டாளத்துக் கராச்சுக்கு வெளியூர் மெக்கானிக் ஒருவன் வந்தான். கார்கள் மெல்ல மெல்ல வேறு கொட்டில்களுக்குப் போயின. நானா சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டார், அடுப்புத் திருத்தினார். வாய் அடங்கிவிட்டது. அந்தப் பெருங்குரல் கேட்காத பெரியகடை எனக்குச் சத்தியமாய்ப் பிடிக்கவில்லை.

குலசிங்கம் ஒருநாள் காரோடு போனான்.

"நானா, அந்தச் சார்ஜன்ட் மாறிப் போயிட்டானாம். ஈர்க்கை எடுத்துவிடுங்கோ."

"ஒருத்தன் போனா இன்னொருத்தன் வருவான். வீதி முழுக்கப் பட்டாளம். நல்லா ஓடுறதக் கேட்டானெண்டா அண்டைக்கே கொண்டு போயிருவான். நொண்டட்டும்."

"அப்ப ஆக்களுக்காவது உண்மையைச் சொல்லுறன்."

"வாயத் திறக்காதீங்க! இந்த ஊர்ல ஒருத்தன்ட காதில போட்டா கப்பல் வரைக்கும் போயிரும். போங்க, போய் ஓடுங்க."

யுத்தம் முடியும் வரைக்கும், நானா ஆணிகளைத் திருப்பி வைத்துவிட்ட பழைய நொண்டலோடே கார் ஓடியது. பாதையில் ஏறும்போது நின்றுபோனால், துறையில் நிற்கிற ஆரையாவது கெஞ்சிச் சுழற்றுவிப்பான் குலசிங்கம். காலமையும் பின்னேரமும் நானாவின் கொட்டிலுக்கு முன்னால் டக் டக் டக்... டொக் என்று அது போகும். "நானாட வேலை போகுது!" என்று ரோட்டில் நிற்கிறவன் கத்துவான். நானா தலை நிமிரமாட்டார். மீன் நல்லாய்ப் பட்ட நாட்களில் சீதேவி அவர் வீட்டுக்குக் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, திரும்பும் வழியெல்லாம் அழுதுகொண்டு வருவாள்.

ஜப்பான்காரன் சண்டையைக் கைவிட்டான் என்ற செய்தி வந்த அன்று துறைமுகத்தில் கப்பல்களெல்லாம் கூவின. கோயில் மணி அடித்தது. சனம் வீதிக்கு வந்து கூத்தாடியது. கூட்டம் கோட்டைப் பக்கம் ஓட, குலசிங்கமும் சீதேவியும் மற்றப் பக்கமாய்ப் பெரியகடைக்குப் போனார்கள்.

நானா கையிலிருந்த அடுப்பைத் தள்ளி வைத்தார். கை கழுவினார். நட்டைக் கழற்றினார், கறுத்துப்போன ஈர்க்கை எடுத்து எறிந்தார், பூட்டினார். சூடேறவிட்டுத் திருப்பினார். படலைக்கு நடந்தார். வந்தார். நடந்தார். குலசிங்கம் பார்த்துக்கொண்டிருந்தான், அவனுக்கு விசர் பிடிக்கவில்லை.

"ம்," என்றார் கடைசியில். "கொண்டு போங்க."

"நீங்களும் ஏறுங்கோ," என்றாள் சீதேவி.

"நான் என்னத்துக்கு?"

"ஏறுங்கோ எண்டு சொல்லுறன்!"

கார்த்தரிப்பிடத்தில் கார்க்காரர் எல்லாரும் கூடி நின்று வெடி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். கதிரவேல் தன் காரை ஓடவிட்டபடியே அதன்மேல் சாய்ந்து நின்றான். ஒஸ்ரின் வந்து நடுவில் நின்றது.

"என்ன குலம், நிண்டுட்டுதோ?" என்று சிரித்தான் கதிரவேல். "நானாவே தள்ள வந்திருக்கிறார் போல."

"நிக்கேல்ல," என்றான் குலசிங்கம். "ஓடிக்கொண்டிருக்கு. வந்து கையை வச்சுப் பார்."

கதிரவேல் வந்து மூடியில் கை வைத்தான். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது. மற்றவர்களும் ஒவ்வொருவராய் வந்து கை வைத்தார்கள்.

சீதேவி கதவைத் திறந்து இறங்கினாள்.

"அண்டைக்கு ஏலாமல் போச்செண்டுதானே சிரிச்சனீங்கள்? எங்கட கார் போகக் கூடாதெண்டு, உங்கள் எல்லாருக்கும் முன்னால தன்ர வாயால தனக்குத் தெரியாதெண்டு சொன்னவர் இந்த மனிசன்! தலைமை வேலையை விட்டவர், இத்தனை வருசம் உங்கட பகிடியைக் கேட்டுக்கொண்டு சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டவர்! இப்ப சிரியுங்கோ பாப்பம்! ஆரும் ஒராள் சிரியுங்கோ!"

ஒருவனும் சிரிக்கவில்லை. கதிரவேல் தோள்சால்வையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, நானா இருந்த பக்கத்துக் கதவடியில் போய் நின்றான்.

நானா அவனைப் பார்க்கவே இல்லை. தலையைச் சரித்து, அப்பால் நின்ற கதிரவேலின் காரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன கதிரவேல், ஆர் இதக் கடைசியாத் தொட்டது? கழுத நெஞ்சுவலியில கிடக்கிறமாதிரிக் கிடக்கு. கேட்டுக் கேட்டு எனக்குக் காதே வலிக்குது." கதவைத் திறந்து இறங்கினார். பெரியகடை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்: "நாளைக்குக் காலம கொண்டு வாங்க. கலீலுர் றஹ்மான் இரிக்கிற ஊர்ல ஒரு இஞ்சின் இப்படி ஓடக் கூடாது."